குடும்பம் என்பதில் அடங்குவோர்

ஜனவரி 9
விருந்தினர் இல்லம், அறை எண் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் தலைநகரத்துக்கு வந்து ஆறு நாளாகிறது. பயணத்தில் கொஞ்சம் இழுப்பு வந்தது, இப்போது இல்லை. திங்கட்கிழமை பதவி ஏற்றேன். நீ வராததுதான் குறை. என்னோடு பதவியேற்ற இன்னொருவருக்கு மனைவி, மக்கள், மாமனார், மைத்துனி என்று இரண்டு வரிசை நாற்காலி நிறைந்திருந்தது. என் பெயர் எழுதி ஒட்டியிருந்த நான்கும் காலி. கடைசியில் மூன்றில் ஓட்டுநர்கள் உட்கார்ந்தார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

உச்ச நீதிமன்றத்தில் இருக்கிற பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு அரசு வீடு உண்டு. எனக்கு ஒதுக்கியிருப்பது ஏழாம் எண். எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் டிசம்பர் கடைசியில், பணியில் இருக்கும்போதே, மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். விதிப்படி அவர்களுக்கு நான்கு மாதம், அதாவது ஏப்ரல் முப்பது வரை உரிமை உண்டு. அதுவரை எனக்கு இந்த அறை. வீட்டு பொறுப்பு அதிகாரி தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நீதிபதிக்கு எத்தனை நாற்காலி, திரைச்சீலைக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம், தோட்டத்தில் எத்தனை பூந்தொட்டி வைக்கலாம் என்பது வரை அதில் இருக்கிறது. தூக்கம் வராதபோது எடுத்துப் படிக்கிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.

சொன்ன சொல்லை மறக்கவில்லை. வீடு கைக்கு வந்த மறுநாள் நீ இங்கே இருக்க வேண்டும். அந்த மூன்றாம் மாடியும் அறுபத்திரண்டு படியும் போதும். இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கியாயிற்று. மே மாதம் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

மாத்திரையை மறக்காதே.

உன் தம்பி


ஜனவரி 21

சட்டாம்பிள்ளைக்கு அக்காவின் ஆசிகள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பாய்; ஆகையால் அதைக் கேட்கப்போவதில்லை. காலையில் காதை மூடிக்கொண்டு நடக்கப் போகிறாயா என்று மட்டும் சொல்.

முதலில் பிழை. ‘வீட்டு பொறுப்பு’ என்று எழுதியிருக்கிறாய். நடுவில் இருக்கவேண்டிய ‘ப்’ எங்கே? அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தினேன், கூடப் பிறந்தவன் எழுத்தைத் திருத்த முடியவில்லை. தீர்ப்பிலும் இப்படித்தான் ஒற்றை விழுங்குகிறாயா?

பதவியேற்புக்கு வராததற்குக் காரணம் சளி. வேறொன்றுமில்லை.

கீழே தையல்கடைக்காரரிடம் சொன்னேன், “தம்பிக்கு வீடு கெடச்சிருக்கு. மே மாசம் நான் கெளம்பறேன்.”

“கையில சாவி வந்துட்டுதா?”

“இன்னும் வரல.”

“அப்ப நீங்களும் இன்னும் கெளம்பல” என்றார். இந்த ஆளை நீதிபதியாக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் போன மாதம் தவறிவிட்டார். நல்ல மனிதர். மகன்கள் இரண்டு பேர் வந்து கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார்கள். மரியாதையான பிள்ளைகள். குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். படிக்கட்டில் சாமான் வைக்காதீர்கள் என்பது போல ஏதோ.

எனக்கு எந்த அறை? கீழ் அறையாக இருந்தால் நல்லது. சன்னல் எந்தப் பக்கம் என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டதா? நான் காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறேன். பாதுகாவலர் பின்னாலேயே வருகிறார். இரண்டு பேரும் காதை மூடியிருப்பதால் பேச்சு இல்லை.

நேற்று ஏழாம் எண் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்காமல் அந்த வீட்டுக்குக் குடிபோவது சரியாகப் படவில்லை. கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்ததும், “அளவு எடுக்க வந்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. துக்கம் கேக்க வந்தேன்.”

அவருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அதற்குள் பொதுப்பணித் துறைக்காரர்கள் மூன்று முறை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். “ஏப்ரல் முப்பதுக்குள்ள போயிடுவோம். விதி எங்களுக்குத் தெரியும். வீடு ஒதுக்கற குழுவுக்குத் தலைவரா இருந்து அவரே எத்தன பேருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கார்” என்றார்.

எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அவர்கள் ஊரில் சொந்த வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தாராம். ஓய்வுபெற இன்னும் நான்கு வருஷம் இருக்கிறதே என்று மெதுவாகத்தான் கட்டினாராம். “சுவர் எழும்பியிருக்கு. கூரை பாதி. கதவு சன்னல் ஒண்ணும் வரல. இவளுக்கு ஜூன் முப்பது வரைக்கும் பரீட்ச.”

‘இவள்’ என்பது மகள். பள்ளி இறுதி வகுப்பு. தேநீர் கொண்டுவந்து வைத்தவள் போகாமல் நின்றாள். “உங்களுக்கு வீடு எப்ப வேணும்?” என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது.

எனக்கு இப்போது வீடு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அவர்களுக்கு ஜூலை முதல் வாரம் வரை நீட்டிப்புக் கிடைக்கும். கொடுக்கலாமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். நான் சொன்ன ‘அவசரமில்லை’ உன் பங்கையும் சேர்த்துச் சொன்னது. உனக்கு அங்கே ஏதாவது சிரமம் இருந்தால் ஒரு வரி போடு. ஒரே வரி போதும்.

கீழ் அறைக்குச் சன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 2

சட்டாம்பிள்ளைக்கு ஆசிகள்.

சளி போய்விட்டது. மாத்திரையும் விடாமல் சாப்பிடுகிறேன். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், பார்.

எழுதிக்கொடு. இதற்கெல்லாமா என்னைக் கேட்பது? என் பங்கையும் சேர்த்துச் சொன்னாய், சரியாகத்தான் சொன்னாய். மே ஆனால் என்ன, ஜூலை ஆனால் என்ன, நான் என்ன பிரசவத்துக்கா வருகிறேன், நாள் தள்ளிப்போக?

இங்கே எல்லாம் வழக்கம்போல. எதிர் வீட்டு நர்ஸ் தன் மகளோடு இருக்கப் போய்விட்டாள். இரண்டாம் மாடி வாத்தியார் குடும்பமும் போய்விட்டது. அதனால் கட்டடம் நல்ல அமைதியாக இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அந்த வாத்தியார் வீட்டு வானொலியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் மேலே ஏறுவதில்லை. மோட்டாரில் ஏதோ கோளாறு. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் கீழே போய் எடுத்து வருகிறேன். டாக்டர்கள் நடக்கச் சொல்லித்தானே காசு வாங்குகிறார்கள்?

அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். அடுத்த முறை கேள்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச்சில் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா? குடம் தூக்குவதை நிறுத்து. மோட்டார் விஷயமாக வீட்டுக்காரர் மகன்களிடம் நான் பேசட்டுமா? நீ வேண்டாம் என்பாய். நானும் தயங்குகிறேன், நான் போன் செய்தால் அது தம்பி பேசுவதாக இருக்காது.

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு கஷ்டமாம். கேட்டேன்.

உன்னை முன்னதாகவே இந்த விருந்தினர் இல்லத்துக்கு அழைத்து வந்துவிடலாமா என்று நீதிமன்றப் பதிவாளரைக் கேட்டுப் பார்த்தேன். நீதிபதியோடு தங்க அவர் குடும்பத்துக்கு மட்டும் அனுமதி. குடும்பம் என்பதில் அடங்குவோர் மனைவி அல்லது கணவர், மணமாகாத பிள்ளைகள், பெற்றோர். உடன்பிறந்தவர்கள் இல்லை. அவர்கள் விருந்தாளிகள், மூன்று இரவுதான்.

பதிவாளர் நல்லவர். குரலைத் தாழ்த்தி, “ஐயா, ‘தாயார்’னு எழுதிக் குடுத்துடுங்க. பெத்த தாயா, வளத்த தாயான்னு படிவத்துல கேக்கல” என்றார்.

“அக்காவ அக்கான்னுதான எழுதணும்?” என்றேன்.

“யாரு பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேனே.”

அவருக்கு வருத்தம். எனக்கும்தான். அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்தவள் நீ. தாயார் என்று எழுதினால் அதில் பெரிய பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பேனாவால் நான் வேறு பல காகிதங்களில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

பொதுப்பணிப் பொறியாளரிடம் கீழ் அறைக் குளியலறையில் உனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “திரைச்சீலைன்னு தலைப்பு இருக்குங்க, அலங்கார விளக்குன்னு இருக்குங்க. கைப்பிடிக்குத் தலைப்பே இல்ல” என்றார். என் செலவில் போடுகிறேன் என்றேன். அரசுக் கட்டடத்தில் சொந்தக் காசில் ஆணி அடிக்கக்கூடாதாம். மாளிகை மாதிரி விளக்கு மாட்டிக்கொள்ளலாம், வழுக்கி விழாமல் இருக்கத்தான் வழியில்லை.

மே விடுமுறையில் வருகிறேன். உடனே பதில் போடு.

உன் தம்பி


ஏப்ரல் 30

சட்டாம்பிள்ளைக்கு,

சுகமாக இருக்கிறேன். பதில் எழுதாதது சோம்பல்தான். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மேசை காரணம். ஒரு கால் ஆடுகிறது.

மே மாதம் இங்கே வராதே. கட்டடத்தில் வெள்ளையடிக்கிறார்கள். ஒரே சுண்ணாம்புத் தூசி. உன் இழுப்புக்கு ஆகாது. நீ வந்து படுத்துக்கொண்டால் உனக்கு யார் குடம் தூக்குவது?

இனி முகவரியில் ‘தையல்கடை’ என்று போடு. புதுத் தபால்காரருக்கு முட்டிவலி, பாவம், மாடி ஏறுவதில்லை. தையல்கடைக்காரர் வாங்கி வைப்பார். இந்தப் பக்கம் பகலெல்லாம் இயந்திரச் சத்தம் கடகடவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. பேச்சுத்துணை மாதிரி இருக்கிறது.

பதிவாளருக்கு நீ சொன்ன பதில் சரி. தாயார் என்று எழுதியிருந்தால் என் வயதில் இருபது கூடியிருக்கும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? கடிதம் இரண்டு பக்கத்திலிருந்து அரைப் பக்கமாகிவிட்டது. மேசைக் காலுக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகி வை.

போன வாரம் ஒரு மாலைப் பத்திரிகையில் என்னைப் பற்றி வந்தது. தலைப்பு, ‘நீதிபதிக்கு இரண்டு கூரை’. அரசு வீட்டை ஒதுக்கி வாங்கிக்கொண்டு, அறுபது நாள் வரம்பைத் தாண்டி விருந்தினர் இல்லத்திலும் மக்கள் செலவில் தங்கியிருக்கிறேனாம். அறுபத்தோராம் நாளிலிருந்து அறைக்கும் சாப்பாட்டுக்கும் நான்தான் கட்டுகிறேன். ரசீது இருக்கிறது. ஆனால் நீதிபதி பத்திரிகைக்குப் பதில் எழுதக்கூடாது. எழுதினாலும் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டிவரும்.

அந்த அம்மா அதைப் படித்திருக்கிறார். மறுநாள் மகளிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினார். மே முப்பத்தொன்றில் காலி செய்கிறார்களாம். கதவு இல்லாத வீட்டில் தார்ப்பாய் கட்டிக்கொள்வார்களாம். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அக்கா. அப்போது உன் அரைப் பக்கக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. “சரிம்மா” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கணக்குப் பரீட்சை இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த முறை உன் பங்கை உனக்கே வைத்துவிட்டேன். ஜூன் ஐந்தாம் தேதி வருகிறேன். தயாராக இரு.

உன் தம்பி


மே 24

சட்டாம்பிள்ளைக்கு ஆசிகள்.

நன்றாக இருக்கிறேன். மேசைக்கு அட்டை வைத்தாயிற்று.

பத்திரிகையைப் பார்த்தேன். தலைப்பில் எழுத்துப்பிழை இல்லை. செய்தி முழுக்கப் பிழை. நீ வாய் திறக்காமல் இருந்தது நல்லது. நாலு நாளில் அந்தத் தாளில் யாராவது ஏதாவது மடித்துக் கொடுப்பார்கள்.

நீ ‘சரி’ என்று சொன்னதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். யாரை நினைத்துச் சொன்னாய் என்று தெரிகிறது. ஆனால் இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டி கட்ட எனக்கு அரை நாள் போதும், ஏற்கெனவே பாதி கட்டித்தான் இருக்கிறது. அவர்களுக்கு அப்படியா? ஒரு வாழ்க்கை முழுக்கக் கட்ட வேண்டுமே.

நீ ஐந்தாம் தேதி கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் கிளம்பு.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? கோபமாக இருக்கிறாயா? ஐந்தாம் தேதி வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. தந்தியில் காரணம் எழுத முடியவில்லை, இதில் எழுதுகிறேன்.

அந்த அம்மா மனம் மாறிவிட்டார். மே முப்பதாம் தேதி வந்து, “தப்பா நெனைக்காதீங்க, இவ பரீட்ச முடிஞ்சு ஜூலை நாலாம் தேதி போறோம். முன்னாடி குடுத்த தேதி வரைக்கும் இருந்துக்கறோம்” என்றார். காரணம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பிறகு பார்த்தால் அந்தப் பெண் தோட்டத்தில் புத்தகத்தோடு நடந்துகொண்டிருந்தாள். மனசு ஆறிவிட்டது. உனக்குத்தான் இன்னும் ஒரு மாதம். ஜூலை பத்தாம் தேதி கட்டாயம் வருகிறேன்.

ஒரு நல்ல செய்தி. கைப்பிடிக்கு வழி பிறந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் தலைமை நீதிபதிக்கே எழுதினேன். ‘என்னோடு வசிக்க வருபவர் என் சகோதரி, வயது அறுபத்தொன்பது, இதய நோய் உண்டு, குளியலறைக் கைப்பிடிக்கு விதியில் இடமில்லை, விலக்கு வேண்டும்’ என்று நாலு வரி. அன்று மாலையே கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது. “இத ஏன் முன்னாடியே கேக்கல?” என்று வேறு கேட்டார். இத்தனை எளிதென்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதே தாளில் விருந்தினர் இல்லத்துக்கும் கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே நீ இங்கே வந்திருக்கலாம் போலிருக்கிறது. இப்போது கேட்கலாமா என்று யோசித்தேன். இன்னும் இருபது நாள்தானே, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கைப்பிடி வைத்தாகிவிட்டது. நானே பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

உன் தம்பி


ஜூலை 14
தையல்கடை

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, தையல்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்கள் ஊர் போய்ச் சேர்ந்து உடல்நலத்தோடு இருக்க வேண்டும். அக்காவின் காரியம் அன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டு, “எத்தனை நாளா இங்க இருந்தாங்க?” என்று கேட்டீர்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எழுதுகிறேன் என்றேன். நான் அதிகம் படித்தவன் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியிலேயே எல்லாரையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஏப்ரல் கடைசி கெடு. ‘மே மாதம் தம்பி வீட்டுக்குப் போகிறேன், எனக்குச் சரியாக இருக்கும்’ என்று அக்கா சொன்னார்கள். பிப்ரவரியில் உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் என் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மாடி ஏறினார்கள். மார்ச்சில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். வந்த மறுநாளே ஏறினார்கள். குடத்தை நான் தூக்கினால் பிடுங்கிக்கொள்வார்கள்.

நாங்கள் எல்லாரும் சொன்னோம், “தம்பி பெரிய நீதிபதின்னு அந்தப் பசங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கே தண்ணி வரும்.” “அவன் வேலைக்குள்ள நான் கை விடக்கூடாது” என்று முடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி மேலே கதவுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அன்றையிலிருந்து என் கடைக்குப் பின்னால் துணி வைக்கிற அறையில்தான் இருந்தார்கள். என் கடைக்கு மட்டும் செப்டம்பர் வரை ஒப்பந்தம் இருந்தது. என் மனைவி எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டாள், வரவில்லை. ‘தம்பி கடிதம் இங்கேதானே வரும்’ என்றார்கள். பழைய இயந்திர மேசையில் வைத்துத்தான் உங்களுக்கு எழுதுவார்கள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். சத்தியத்தைக் காப்பாற்றியது தப்போ என்று இப்போது எனக்குத் தூக்கம் இல்லை.

ஜூன் மாதம் வந்த உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கைப்பிடி வைத்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார்கள். “கேட்டா குடுத்திருப்பாங்களாம். எங்க ரெண்டு பேருக்குமே கேக்கத் தெரியாது, என்ன பண்றது” என்று சிரித்தார்கள்.

ஜூலை இரண்டாம் தேதி காலை டீ வாங்கிக்கொண்டு வந்தேன். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். “கொஞ்ச நேரம் பேசாம இரேன்” என்றார்கள். இருந்தேன். டீயில் ஆடை படிந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கஷ்டப்படவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன், ஐயா.

இப்படிக்கு,
தையல்கடைக்காரன்


ஆகஸ்ட் 20

ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நாங்கள் இருவரும் சுகம். இங்கே கீழ்த்தளத்துக்குக் கதவும் சன்னலும் வந்துவிட்டன. மேலே இன்னும் திறந்த வெளிதான். மகள் அதுதான் நன்றாக இருக்கிறது என்கிறாள். தேர்வில் தேறிவிட்டாள். கணக்கில் எண்பத்தொன்று. உங்களிடம் முதலில் சொல்லச் சொன்னாள்.

நாங்கள் கிளம்பிய அன்று நீங்கள் ஊரில் இல்லை என்றார்கள். அக்காவை அழைத்துவரப் போயிருப்பீர்கள் என்று பேசிக்கொண்டு, சாவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் இருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மே கடைசியில் நாங்கள் ஏன் மனம் மாறினோம் என்று கேட்டீர்கள். சாமான்களைக் கட்டி முடித்த அன்று உங்கள் அக்காவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. அதில் இப்படி எழுதியிருந்தார்கள்:

‘உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வரப்போகிற நீதிபதியின் அக்கா நான். கட்டிய சாமான்களை அவிழ்த்து வையுங்கள். இருந்த வீட்டை விட்டுப் போவது சாவுக்கு அடுத்த துக்கம். இரண்டையும் ஒரே வருஷத்தில் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டாம். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் கணக்குப் போடக்கூடாது. என் தம்பிக்கு ஓர் அறை இருக்கிறது. எனக்கும் நல்ல இடம் இருக்கிறது, நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நான் எழுதியதை அவனிடம் சொல்லாதீர்கள். அவனுக்குப் பொய் வராது, பாவம், தெரிந்தால் திண்டாடுவான்.’

அன்றே அவிழ்த்துவிட்டோம். அந்த ஒரு மாதம் இல்லாவிட்டால் இவள் தேறியிருக்க மாட்டாள்.

உங்கள் அக்கா வந்து சேர்ந்தார்களா? கீழ் அறை பிடித்திருக்கிறதா? எங்களால் ஒரு மாதம் தாமதமானதில் அவர்களுக்கு ஏதாவது சிரமம் இருந்ததா? அதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

நன்றியுடன்,
முன்பு ஏழாம் எண்ணில் இருந்தவள்


ஆகஸ்ட் 29
எண் 7

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இருவர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. எண்பத்தொன்று நல்ல மதிப்பெண். என் வாழ்த்துகளை மகளிடம் சொல்லுங்கள். மேல்தளத்தை மழைக்கு முன் மூடிவிடுங்கள்.

பதில் எழுத ஒரு வாரமாகிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். வேலை அதிகம்.

அக்கா வந்து சேர்ந்தாள். கீழ் அறை பிடித்திருக்கிறது. காலையில் வெயில் கட்டில் வரை வருகிறது. தோட்டக்காரரை நிற்கவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். செடிக்குத் தண்ணீர் போகிறதோ இல்லையோ, ஊர்க்கதை முழுக்கப் போய்விடும். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மகள் தேறிய இடம் வந்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

அந்த ஒரு மாதத்தை நினைத்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அதனால் யாருக்கும் ஒரு சிரமமும் நேரவில்லை. அவள் எழுதியது போலவே, நல்ல இடத்தில், நல்ல மனிதர்களுக்கு நடுவில்தான் இருந்தாள்.

கை நடுக்கத்தால் இப்போது அவளால் எழுத முடிவதில்லை. நீங்களும் மகளும் அவளுக்கு அவ்வப்போது எழுதுங்கள். இந்த வீட்டு முகவரிக்கே, அவள் பெயரைப் போட்டே எழுதுங்கள். நான் வாங்கி வைப்பேன்.

இப்படிக்கு,
அவள் தம்பி